விலங்குகளின் பெயரில் கிரேக்க அரசர்கள்: தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நெட்டிலிங்க மரத்தைச் சுற்றி ஓய்வில்லாமல் பறக்கும், கறுப்பில் பச்சைப் புள்ளி போட்ட பட்டாம்பூச்சியின் அறிவியல் பெயர் கிராஃபியம் அகமெம்னோன். டிராய் மீது படையெடுத்துப் போன கிரேக்கர்களுக்குத் தலைமை தாங்கிய மைசீனே அரசனின் பெயர் அது. எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியன் டானவுஸ் கிரிசிப்பஸ். டானவுஸ் ஆர்கோஸ் நாட்டை ஆண்ட அரசன், கிரிசிப்பஸ் அவனுடைய அண்ணன் தம்பி முறை உள்ள இன்னொரு அரசனின் மகன். இப்படி நம் வீட்டு வாசலிலேயே ஒரு கிரேக்க அரச பரம்பரை பறந்துகொண்டிருக்கிறது. ஒரு விலங்கின் பெயரில் அரசர் இருக்கிறாரா, இருந்தால் எந்த அரசர், எந்தச் சொல்லின் வழியாக வந்தார் என்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தேவையானவை மூன்றுதான். ஒன்று, விலங்கின் முழு அறிவியல் பெயர், பெயர் வைத்தவர் பெயரும் ஆண்டும் சேர்த்து. இரண்டு, ஒரு கிரேக்க அகராதி. லிடெல், ஸ்காட் இருவரும் தொகுத்த பேரகராதி பெர்சியஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூன்று, பழைய விலங்கியல் நூல்கள். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியில் 1758ஆம் ஆண்டு நூலைக்கூடப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.

முதல் படி: வழக்குப் பெயரை ஒதுக்கி வையுங்கள்

ராஜநாகத்தில் ராஜா இருக்கிறார், ஆனால் அதன் கிரேக்கப் பெயரில் இல்லை. ஓபியோஃபேகஸ் என்றால் பாம்பைத் தின்பது என்று மட்டுமே பொருள். 2024இல் ராஜநாகத்தை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். அப்போது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வதற்குக் காளிங்கா என்ற பெயர் கிடைத்தது. அதுவும் கன்னடத்திலிருந்து வந்தது. பேரரசப் பெங்குவினின் பேரினப் பெயர் (அறிவியல் பெயரின் முதல் சொல்) ஆப்டெனோடைட்டெஸ், 'இறக்கையில்லாமல் முக்குளிப்பது'. அங்கேயும் அரசர் கிடையாது.

ஆனால் பேரினத்தோடு தேடலை நிறுத்திவிடக் கூடாது. அரசவால் ஈப்பிடிப்பானைப் பாருங்கள். தமிழ்ப் பெயரில் அரசு இருக்கிறது. பேரினப் பெயரான டெர்ப்சிஃபோனேவுக்கு 'இனிய குரல்' என்று பொருள், அதில் அரசு இல்லை. ஒரு படி மேலே போய்க் குடும்பப் பெயரைப் பார்த்தால் மோனார்க்கிடே. மோனோஸ் என்றால் தனி, ஆர்க்கோஸ் என்றால் ஆள்பவர். எனவே இனம், பேரினம், குடும்பம் என மூன்று இடத்திலும் தேடுங்கள்.

இரண்டாம் படி: லத்தீன் உடையைக் கழற்றுங்கள்

அறிவியல் பெயர்கள் கிரேக்கச் சொல்லை அப்படியே எடுப்பதில்லை, லத்தீன் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்கின்றன. 'ஓஸ்' என்ற முடிவு 'உஸ்' ஆகும்: டிராய் அரசன் பிரியமோஸ் பிரியமுஸ் ஆனதும், டானவோஸ் டானவுஸ் ஆனதும் இப்படித்தான். கிரேக்கக் 'க' லத்தீனில் 'சி' எழுத்தால் எழுதப்படும். பின்னால் வந்த ஆங்கில உச்சரிப்பில் அதுவே 'ச' ஆகிவிடும். கேயுக்ஸ் என்ற அரசனின் பெயர் சீயிக்ஸ் ஆனது அப்படி. அகராதியில் தேடும்போது இந்த மாற்றங்களைத் திருப்பிப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் சொல் கையில் கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: எந்த 'அரசன்' என்று பாருங்கள்

தமிழில் மன்னன், வேந்தன், குறுநில மன்னன் எல்லாம் ஒன்றல்ல. கிரேக்கத்திலும் அப்படியே.

பழமையானது அனாக்ஸ். ஹோமரின் இலியட் காவியம் அகமெம்னோனை 'மனிதர்களின் அனாக்ஸ்' என்று திரும்பத் திரும்ப அழைக்கிறது. ஹோமருக்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய களிமண் பலகைகளில் இதே சொல் 'வனாக்ஸ்' என்று இருக்கிறது. லீனியர் பி என்ற அந்த எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டியபோது ஒரு விஷயம் தெளிவானது. வனாக்ஸ்தான் அரண்மனையில் இருந்த பேரரசர். பின்னாளில் 'அரசன்' என்பதற்குப் பொதுச் சொல்லாகிவிட்ட பசிலியுஸ், அந்தக் காலத்தில் உள்ளூர்த் தலைவர் அளவில்தான் இருந்தார். அரண்மனைகள் அழிந்தபின் பெரியவர் மறைந்தார், உள்ளூர்த் தலைவர் அரசராக உயர்ந்தார். வில்லியம் லீச் 1815இல் பெரிய தட்டான்களின் பேரினம் ஒன்றுக்கு அனாக்ஸ் என்று பெயர் வைத்தார். நம் ஊர்க் குளங்களின் மேல் ரோந்து சுற்றும் பெரிய பச்சைத் தட்டான் அனாக்ஸ் குட்டாட்டஸ். ஐரோப்பாவின் அனாக்ஸ் இம்பரேட்டரில் கிரேக்க அரசரோடு லத்தீன் பேரரசரும் சேர்ந்துகொண்டார்.

அடுத்தது பசிலியுஸ். விலங்குப் பெயர்களில் இதுதான் நிறையப் பிள்ளைகளைப் பெற்ற சொல். தேனீக் கூட்டின் தலைமைத் தேனீயை அரிஸ்டாட்டில் பசிலியுஸ் என்றே குறிப்பிடுகிறார், அதாவது ராஜா. அது முட்டையிடும் தாய் என்று சொன்னவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள், அதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் ஆண் அரசன் என்ற எண்ணமே ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைத்தது. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் யான் ஸ்வாமர்டாம் அதை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்துச் சூலகத்தைக் காட்டியபின் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. இன்றைய கிரேக்கர்கள் அதை வசிலிஸா, அதாவது ராணி, என்கிறார்கள்.

அமெரிக்காவில் வாழும் சிறு பாடும் பறவைகளின் பேரினம் ஒன்றுக்கு பசிலியுடெரஸ் என்று பெயர். 'இன்னும் அதிக அரசத்தன்மை உள்ளவன்' என்று பொருள். அரசன் என்ற பெயர்ச்சொல்லையே ஒப்பிட்டுச் சொல்லும் இந்த விசித்திர வடிவம் ஹோமரிடம் இருக்கிறது. இலியட் ஒன்பதாம் பகுதியில் அகமெம்னோன், 'நான் அவனைவிடப் பெரிய அரசன், அவன் எனக்குப் பணியட்டும்' என்று தன் பக்கத்து மாவீரன் அகிலெஸைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருவது இந்தச் சொல்தான்.

மூன்றாவது துரன்னோஸ். பரம்பரை உரிமை இல்லாமல் ஆட்சியைப் பிடித்தவன். ஆரம்பத்தில் இது வசைச் சொல் அல்ல. கொடுங்கோலன் என்ற பொருள் பின்னால் ஏறியது. அரிஸ்டாட்டில் ஒரு பறவையை துரன்னோஸ் என்கிறார்: வெட்டுக்கிளியைவிடக் கொஞ்சம்தான் பெரியது, தலையில் செம்பொன் நிறக் கொண்டை. ஐரோப்பாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்றுக்கு அந்தப் பெயர். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் இந்தச் சொல்லை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் உள்ள வேறொரு பறவைக்குக் கொடுத்தார். இன்று அது துரன்னஸ் துரன்னஸ். கூட்டுக்குப் பக்கம் வரும் பருந்தைக்கூட முதுகில் கொத்தித் துரத்தும் பறவை அது. உச்சந்தலையில் ஒரு செம்மஞ்சள் திட்டை இறகுகளுக்குள் மறைத்து வைத்திருக்கும், கோபம் வந்தால் அதை விரித்துக் காட்டும். அதன் பெயரால் அமைந்த குடும்பத்தில் 400க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. 1905இல் ஹென்றி ஆஸ்போர்ன் ஒரு டைனோசருக்கு டைரனோசாரஸ் ரெக்ஸ் என்று பெயரிட்டபோதும் இதே சொல்லைத்தான் எடுத்தார். அதில் முதல் இரண்டு துண்டு கிரேக்கம், ரெக்ஸ் லத்தீன். கொடுங்கோல் பல்லி அரசன்.

நான்காம் படி: 'சிற்றரசன்' வடிவத்தைத் தனியாகத் தேடுங்கள்

கிரேக்கத்தில் 'இஸ்கோஸ்' சேர்த்தால் எதுவும் சிறியதாகிவிடும். பசிலிஸ்கோஸ் என்றால் குட்டி ராஜா. இந்த ஒரு சொல் போன தூரம் ஆச்சரியமானது.

ரோமானிய எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் சைரீன் பகுதியில் பசிலிஸ்க் என்ற பாம்பு இருப்பதாக எழுதினார். நீளம் பன்னிரண்டு விரற்கடைக்கு மேல் இல்லை. தலையில் மகுடம் போல ஒரு வெள்ளைப் புள்ளி. மற்றப் பாம்புகள் போல நெளியாமல் உடலை நிமிர்த்திக்கொண்டு போகும். அதன் மூச்சுப் பட்டால் செடிகள் கருகும், கல் வெடிக்கும், அதைக் கொல்ல மரநாய் வகைச் சிறு பிராணி ஒன்றால் மட்டுமே முடியும். அந்த வெள்ளைப் புள்ளிதான் 'குட்டி ராஜா' என்ற பெயருக்குக் காரணம். படமெடுத்து நிமிரும் நாகமும் அதை எதிர்க்கும் கீரியும் இந்தக் கதைக்குப் பின்னால் இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. இடைக்கால ஐரோப்பாவில் இது சேவல் தலையும் பாம்பு வாலும் கொண்ட பூதமாக வளர்ந்தது.

அப்புறம் 1758இல் லின்னேயஸ் மத்திய அமெரிக்காவின் ஓர் ஓணானுக்கு இந்தப் பெயரை வைத்தார். ஆண் ஓணானின் தலையில் எழும் பெரிய கொண்டையைப் பார்த்தாலே ஏன் என்று புரியும். இந்த ஓணான் யாரையும் மூச்சால் கொல்வதில்லை. ஆபத்து வந்தால் பின்னங்காலில் நிமிர்ந்து தண்ணீர் மேலேயே ஓடிவிடும். நிமிர்ந்து போகும் என்று பிளினி எழுதியது தற்செயலாக இதற்குப் பொருந்திவிட்டது.

இதே சொல் வானத்துக்கும் போயிற்று. சிம்ம ராசியின் பிரகாசமான விண்மீனைப் பழங்கால வானியலாளர் தாலமி பசிலிஸ்கோஸ் என்று குறித்தார். லத்தீனில் அது ரெகுலஸ், அதே 'குட்டி ராஜா'. நமக்கு அது மகம். 'மகத்தில் பிறந்தவர் ஜகத்தை ஆள்வார்' என்ற பழமொழியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ரெகுலஸ் மீண்டும் பறவைக்கே திரும்பியது. அரிஸ்டாட்டில் துரன்னோஸ் என்ற அந்தப் பொற்கொண்டைச் சிறு பறவையின் இன்றைய பெயர் ரெகுலஸ் ரெகுலஸ்.

ஐந்தாம் படி: பெயர் ஓர் ஆளுடையது என்றால், முதலில் கூட்டத்தைப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லின்னேயஸ் 1758இல் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பை எழுதும்போது உலகின் பட்டாம்பூச்சிகளையெல்லாம் பாப்பிலியோ என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டும், அவருக்குக் கிரேக்க புராணம் தலைகீழ்ப் பாடம். பட்டாம்பூச்சிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் புராணத்தின் ஒரு குடும்பத்தை ஒதுக்கிவிட்டார்.

பெரியவற்றுக்கு 'வீரர்கள்' என்று பெயர். அதில் இரண்டு பிரிவு. மார்பில் ரத்தச் சிவப்புப் புள்ளி உள்ளவை டிராய் தரப்பு, அது இல்லாதவை கிரேக்கத் தரப்பு. டிராய்ப் பட்டியலின் முதல் பெயர் பிரியமுஸ், டிராயின் கிழ அரசன். இரண்டாவது ஹெக்டர், அவனுடைய மூத்த மகன். ஆடுதீண்டாப்பாளையில் வளரும், சிவந்த உடலும் கறுப்பு இறக்கையும் கொண்ட, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய பட்டாம்பூச்சிதான் அந்த ஹெக்டர். உடலில் சிவப்பு இருந்ததால் டிராய் அணியில் சேர்ந்தது. நெட்டிலிங்கத்தின் அகமெம்னோன் எதிரணி.

அதே டிராய்ப் பட்டியலில் போலிட்டெஸ், பம்மோன் என்று பிரியமோஸின் இன்னும் இரண்டு மகன்கள் அடுத்தடுத்து வருகிறார்கள். கறிவேப்பிலை மரத்தில் முட்டையிடும் பட்டாம்பூச்சியின் பெண்ணுக்குப் போலிட்டெஸ் என்றும், ஆணுக்குப் பம்மோன் என்றும் லின்னேயஸ் பெயர் கொடுத்துவிட்டார். இரண்டும் வேறு வேறு தோற்றம், அதனால் வேறு வேறு இனம் என்று எண்ணினார். ஒரே இனம் என்று பின்னால் தெரிந்ததும் பம்மோன் பெயர் விலகியது, போலிட்டெஸ் நின்றது. இந்தப் பெண்ணில் ஒரு வடிவம் அப்படியே ஹெக்டரைப் போலவே இருக்கும். ஹெக்டர் உடலில் விஷம் உண்டு, பறவைகள் தொடாது. போலிட்டெஸுக்கு விஷம் இல்லை, வேஷம் மட்டும் உண்டு. தம்பி அண்ணனைப் போல் உடுத்திக்கொண்டு தப்பிப்பதை நம் கறிவேப்பிலை மரத்தடியிலேயே பார்க்கலாம். பெயர் வைத்தபோது லின்னேயஸுக்கு இந்த உறவு தெரியாது. அதனாலேயே எனக்கு இந்தப் பொருத்தம் அலுப்பதே இல்லை.

சரி, கூட்டத்தைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? புல்வெளிகளில் தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். யூரெமா ஹெகபே. ஹெகபே என்றதும் பிரியமோஸின் பட்டத்து ராணி நினைவுக்கு வருவாள், 'டிராய் நாட்டு ராணி' என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். 1758ஆம் ஆண்டு நூலைத் திறந்தால் ஹெகபே வீரர்கள் கூட்டத்தில் இல்லை, டானாய் கூட்டத்தில் இருக்கிறாள். டானவுஸ் அரசனின் குடும்பம் அது. டானவுஸுக்கு ஐம்பது மகள்கள், அவன் சகோதரன் ஐகுப்டோஸுக்கு ஐம்பது மகன்கள். கட்டாயக் கல்யாணம். முதலிரவில் தந்தையின் சொல்படி ஒருத்தியைத் தவிர எல்லோரும் கணவர்களைக் கொன்றுவிட்டார்கள். ஹிகினுஸ் என்பவர் பெயரில் வழங்கும் லத்தீன் புராணக் கையேடு யார் யாரைக் கொன்றாள் என்று வரிசையாகப் பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் ஒரு ஹெகபே இருக்கிறாள். அதே பட்டியலில் ஹியாலே, ஹிபரெட்டே, பிரந்தே என்று லின்னேயஸ் பெயரிட்ட மற்ற மஞ்சள், வெள்ளைப் பட்டாம்பூச்சிகளும் இருக்கின்றன. எனவே நம் புல்வெளி ஹெகபே டிராயின் ராணி அல்ல, ஆர்கோஸின் இளவரசி.

அதே பட்டியலில் கொல்லப்பட்ட மாப்பிள்ளைகளாகக் கிரிசிப்பஸும் பிளெக்சிப்பஸும் வருகிறார்கள். முதலாமவர் நம் வெந்தய வரியன். இரண்டாமவர் வட அமெரிக்காவில் வலசை போவதற்குப் பெயர் பெற்ற மோனார்க் பட்டாம்பூச்சி. கிரிசிப்பஸ் என்ற பெயரில் ஒரு தத்துவ ஞானியும் உண்டு, பெலோப்ஸ் அரசனுக்கு ஒரு மகனும் உண்டு. கூட்டத்தைப் பார்த்தவர்கள் அங்கே போய்த் தேட மாட்டார்கள்.

ஆறாம் படி: பக்கத்துப் பெயர்களையும் சேர்த்துப் படியுங்கள்

ஒரு பெயர் தனியாக நிற்கும்போது பேசாது, இரண்டு மூன்று சேர்ந்தால் கதை சொல்லும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய பொன்மஞ்சள் பட்டாம்பூச்சி ட்ரோய்டெஸ் மினோஸ், கிரீட் தீவின் அரசன் பெயர். அதன் சொந்தக்காரர்கள் ட்ரோய்டெஸ் ஐயாகுஸ், ட்ரோய்டெஸ் ரதமந்துஸ். மூன்று பேரையும் சேர்த்தால் கிரேக்க நம்பிக்கைப்படி இறந்தவர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் மூன்று நீதிபதிகள். இவர்களில் ஐயாகுஸ் இமயமலைப் பகுதியில் பறக்கிறது. 194 மில்லிமீட்டர் இறக்கை விரிவோடு இந்தியாவின் மிகப் பெரிய பட்டாம்பூச்சி என்ற இடத்தை 2020இல் அது மினோஸிடமிருந்து வாங்கிக்கொண்டது.

மீன்கொத்திகளும் இப்படித்தான். வாய்க்கால் ஓரத்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தி ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ். மழைக்காலத்தில் மேற்குக் கரையோரக் காடுகளில் கூடு கட்டும் குட்டி மீன்கொத்தி சீயிக்ஸ் எரித்தாகா. கேயுக்ஸ் திராக்கிஸ் நாட்டு அரசன், ஹால்சியன் என்ற பெயரோடு தொடர்புள்ள அல்கியோனே அவன் மனைவி, காற்றுகளின் தலைவன் ஐயோலோஸின் மகள். கடல் பயணம் போன கேயுக்ஸ் புயலில் மூழ்கினான். அவன் உடல் கரைக்கு வந்ததைப் பார்த்து அவளும் கடலில் பாய்ந்தாள். தேவர்கள் இருவரையும் பறவைகளாக்கினார்கள். குளிர்காலத்தின் நீண்ட இரவுக்கு முன்னால் ஏழு நாள், பின்னால் ஏழு நாள் கடல் அமைதியாக இருக்கும், அப்போது இந்தப் பறவை கூடு கட்டும் என்று அரிஸ்டாட்டிலும் எழுதியிருக்கிறார். உண்மையில் மீன்கொத்தி மண்கரையில் வளை தோண்டித்தான் முட்டையிடுகிறது.

ஏழாம் படி: பொறிகளைச் சரிபாருங்கள்

ரெக்ஸ், ரெஜியஸ், ரெஜினா, இம்பரேட்டர் எல்லாம் லத்தீன், கிரேக்கக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

'ஆர்க்கோ'வும் 'ஆர்க்கியோ'வும் வேறு. ஆர்க்கோசாரியா என்றால் ஆளும் பல்லிகள், ஆர்க்கோன் என்ற அதிகாரியின் சொல். ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்றால் பழைய இறக்கை, அதில் ஆட்சி எதுவும் இல்லை.

பெயர் சொல்வதை உடலோடு ஒப்பிடாமல் நம்பிவிடவும் கூடாது. 1834இல் ரிச்சர்ட் ஹார்லன் ஒரு பிரம்மாண்டமான புதைபடிவத்துக்கு பசிலோசாரஸ், அரசப் பல்லி, என்று பெயரிட்டார். ரிச்சர்ட் ஓவன் பற்களைப் பார்த்து அது பாலூட்டி என்றார். அது ஒரு திமிங்கலம். வேறு பெயரும் முன்மொழிந்தார். ஆனால் முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் விதி, அதனால் திமிங்கலம் இன்றும் அரசப் பல்லிதான்.

எட்டாம் படி: ஒன்றை முழுதாகச் செய்து பாருங்கள்

எலுமிச்சை மரங்களைத் தேடி வரும், கறுப்பில் வெளிர்நீலம் பரவிய பெரிய பட்டாம்பூச்சி பாப்பிலியோ பாலிம்னெஸ்டர். மகாராஷ்டிரத்தின் மாநிலப் பட்டாம்பூச்சி. பெயர் வைத்தவர் நெதர்லாந்தின் பீட்டர் கிராமர், ஆண்டு 1775. வழக்குப் பெயரை விடுங்கள். லத்தீன் உடையைக் கழற்றினால் பொலிம்னெஸ்டோர். அரசன் என்ற சொல் எதுவும் உள்ளே இல்லை, ஆகவே இது ஓர் ஆளின் பெயர். கிராமர் லின்னேயஸின் வழியிலேயே பட்டாம்பூச்சிகளைப் பிரித்தவர், பெரிய உருவம், அதனால் டிராய்ப் போரின் ஆட்களிடையே தேடுங்கள். திரேஸ் நாட்டு அரசன் பொலிமெஸ்டோர் கிடைப்பான், ஹிகினுஸிடம் பொலிம்னெஸ்டோர் என்ற எழுத்துக்கூட்டலும் இருக்கிறது. பிரியமோஸின் மகள் இலியோனாவைக் கட்டியவன். மாமனார் நம்பி ஒப்படைத்த சிறுவன் பொலிதோரோஸைப் பொன்னுக்காகக் கொன்றவன். அந்தச் சிறுவனின் தாய் ஹெகபே, இந்த முறை டிராயின் ராணியேதான், அவன் கண்களைப் பறித்துப் பழிவாங்கியதை யூரிப்பிடெஸ் நாடகமாக எழுதினார். பக்கத்துப் பெயர்கள் என்ற ஆறாம் படிக்கு, இதே எலுமிச்சை இலைகளில் வளரும் இன்னொரு பட்டாம்பூச்சி பாப்பிலியோ ஹெலெனுஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயரில் அது ஹெலன் ஆகிவிட்டது. 1758ஆம் ஆண்டுப் பட்டியலில் எந்தக் கூட்டத்தில், யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தால் அது அழகி ஹெலன் அல்ல, பிரியமோஸின் குறி சொல்லும் மகன் என்று தெரியும்.